டயருக்கு மருந்து

களியக்காவிளை சோதனைச் சாவடியில்
டயருக்கு மருந்தடிப்பது என் வேலை.
தினக்கூலி. முதுகில் பதினாறு லிட்டர்,
போன வருஷம் வரை வாழைத்தோட்டத்தில் சுமந்த
அதே டப்பா.

அந்தப் பக்கம் அதன் பெயர் பட்சிப்பனி.
இந்தப் பக்கம் பறவைக் காய்ச்சல்.
நடுவில் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு கம்பு,
சிவப்பும் வெள்ளையும் அடித்தது.
கம்பைத் தாண்டியதும்
பனி காய்ச்சலாகிவிடும்.

லாரி நிற்கும். ஆறு டயர், பத்து டயர்.
உள்டயருக்குக் குனிந்து அடிக்க வேண்டும்.
"ஓய், சொகக்கேடு கோழிக்கா டயருக்கா?"
என்று கேட்காத ஓட்டுநர் இல்லை.
எனக்கென்ன தெரியும்.
சுற்றறிக்கையில் டயர் என்றுதான் இருக்கிறது.

தலைக்கு மேலே கொக்குகள்
பாறசாலைப் பக்கமிருந்து
குழித்துறை ஆற்றுக்குப் போகின்றன.
ஒன்றையும் நிறுத்தி யாரும் பெர்மிட் கேட்டதில்லை.

மூன்றாம் நாளே மருந்து தீர்ந்தது.
வரும்வரை தண்ணீரை அடி என்றார் சூப்பர்வைசர்.
அடித்தேன்.
லாரிக்காரர்கள் கண்டுபிடிக்கவில்லை.
காய்ச்சலும்.

அன்றைக்குப் பார்த்து டிவிக்காரர்கள் வந்தார்கள்.
அடித்து அனுப்பிய லாரியைத் திரும்ப அழைத்து
பின்னுக்கு எடுக்கச் சொல்லி
மறுபடி அடி என்றார்கள், கொஞ்சம் உயரமாக,
வெயிலில் புகை மாதிரித் தெரிய வேண்டுமாம்.
அதுவரை யார் கண்ணிலும் படாத வெள்ளை அங்கியும்
முகக்கவசமும் ஜீப்பிலிருந்து வந்தன.
படம் முடிந்ததும்
மடித்து வாங்கிக்கொண்டார்கள்.

ராத்திரி தோபியாஸ் கடையில் டீ குடிக்கையில்
என்னைப் பார்த்தேன்.
நிலாவில் இறங்கியவன் போல் இருந்தேன்.
காலடியில் சிவப்பு எழுத்து ஓடியது:
எல்லையில் பீதி.
எல்லையில் இருந்தது நான்,
மூன்று லாரி,
பழம்பொரி தின்றுகொண்டிருந்த ஒரு போலீஸ்காரர்.

மறுநாள் மார்த்தாண்டத்தில் கோழி கிலோ நாற்பது.
அருமனை றசலையனுக்கு இரண்டாயிரம் கோழி,
சொசைட்டியில் கடன்.
ஒன்றுகூடத் தும்மவில்லை.
டெம்போவோடு சாவடியில் நின்றவர்
டயருக்கு நான் அடிப்பதையே பார்த்தார்.
"நோய் வந்து சாகல்ல மக்கா,
நியூஸ் வந்து சாவுது" என்றார்.
அவரிடம் எட்டுக் கோழி இறக்கிக்கொண்டார்கள்,
சோதனைக்காம்.
சாயங்காலம் அலுவலகத்தின் பின்னால்
குருமிளகு வறுக்கும் மணம் வந்தது.

ஆடி மழையில் பேச்சிப்பாறைப் பக்கம்
பால் வெட்டப் போன செல்லத்துரை
எலிக்காய்ச்சலில் செத்தபோது
ஒரு கேமராவும் மலை ஏறவில்லை.
எலிக்கு விலை இறங்கவில்லை,
எலியை யார் விற்கிறார்கள்.
அவர் பெயருக்கு நேராக ஆஸ்பத்திரியில் எழுதியது
காரணம் தெரியாத காய்ச்சல்.

இப்படியெல்லாம் தோபியாஸ் கடையில்
கால்மேல் கால்போட்டு நான் பேசியது
வெள்ளிக்கிழமை வரை.

வெள்ளி ராத்திரி அபிஷாவுக்கு உடம்பு கொதித்தது.
நூற்றிரண்டு. இருமல் வேறு.
றோஸ்லெட் ஒன்றும் கேட்கவில்லை,
என் கைகளைப் பார்த்தாள்.
கிணற்றடிக்குப் போய்க்
கழுவினேன். நகக்கண் எரியும்வரை கழுவினேன்.
தண்ணீரைத்தானே அடித்தோம் என்று நினைத்தேன்.
தண்ணீரைத்தானே அடித்தோம்
என்று மறுபடி நினைத்தபோது
அடிவயிறு சில்லிட்டது.

விடிந்தால்தான் குழித்துறை ஆஸ்பத்திரி.
பிள்ளையின் நெற்றியில் ஒரு கை,
மற்ற கையில் ஃபோன்.
எவனை நம்ப மாட்டேன் என்றேனோ
அவன் சானலைத்தான்
சத்தமில்லாமல் வைத்துப் பார்த்தேன்,
அறிகுறி என்னென்ன என்று போடுவானா என.

போடவில்லை.
திரும்பத் திரும்ப நானே வந்தேன்,
வெள்ளை அங்கியில்,
யாருடைய லாரிக்கோ
உயரமாகத் தண்ணீர் அடித்துக்கொண்டு.