பாப்பா பாப்பா ஆல்ஃபா நவம்பர்

காசா கிராண்டே என்றால் பெரிய வீடாம்.
அரிசோனாவில் அந்தப் பெயருள்ள ஊரில்
எங்களுக்கு வாய்த்தது இரண்டு அறை;
ஏசி ஓடினால் விளக்கு மங்கும்.
ஜூலையில் ஒன்பது மணிக்கே தார் இளகிவிடும்,
காற்று மெலிந்து இறக்கைக்குப் பிடி கிடைக்காது.
அதனால் பால்காரரைப் போல
விடியுமுன் கிளம்புகிறோம்.

பலகையில் அன்றைய பட்டியல்:
ஐந்தரை, செஸ்னா, ஆவுடையப்பன்.
அது நானில்லை, என் அப்பா.
திருநெல்வேலி டவுனில் சைக்கிள் உதிரிபாகக் கடை.
ஏணியில் நாலு படி ஏறினாலே தலை சுற்றும்.
என் பெயருக்கு முன்னால்
ஓர் எழுத்தும் ஒரு புள்ளியுமாக
ஓரமாய் நின்றிருந்தவரை
பாஸ்போர்ட் இழுத்துக் கடைசியில் போட்டது.
இங்கே கடைசிப் பெயரைத்தான் கூப்பிடுவார்கள்.
"வலது பெடல், ஆவுடையப்பன்! வலது!"
என்று கத்துவார் லொரெய்ன்,
நான் அப்பாவுக்காக மிதிப்பேன்.

தேர்வன்று எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னார்கள்.
ஆல்ஃபா விக்டர் யூனிஃபார்ம் டெல்டா
ஆல்ஃபா இந்தியா யாங்கி
ஆல்ஃபா பாப்பா பாப்பா ஆல்ஃபா நவம்பர்.
வீட்டில் என்னைக் கூப்பிடுவதே பாப்பா என்றுதான்;
அப்பாவின் பெயருக்குள்ளிருந்து
இரண்டு தடவை எனக்கே குரல் கொடுத்தேன்.
இந்தியாவும் யாங்கியும் அதில் அடுத்தடுத்து.
வேறெங்கும் அவ்வளவு நெருங்கவில்லை.

அட்டை வந்தது, காலாவதித் தேதியில்லாமல்.
டெல்லி அதை வாங்கிப் பார்க்கும், திருப்பிப் பார்க்கும்,
நல்லது, இனி எங்கள் தேர்வை எழுது என்னும்.
யாமிலெத் கொலம்பியாவுக்குப் படிக்கிறாள்,
செபெட் கென்யாவுக்கு.
சாப்பாட்டு மேசையில் மூன்று நாட்டுச் சட்டம்,
நடுவில் ஒரே சட்டி சோறு.
இங்கே காற்றழுத்தம் பாதரச அங்குலத்தில்,
எனக்கு ஹெக்டோபாஸ்கலில் மனப்பாடம் ஆக வேண்டும்.
காற்றுக்கு இரண்டும் தெரியாது.

பிறகு ஏஜென்டிடமிருந்து வாட்ஸாப்பில் ஒரு வரி:
முந்நூறு மைல் பயணம் செல்லாது,
கிங்மனில் தொட்டுவிட்டுப் பறந்திருக்கிறாய்,
நின்றிருக்க வேண்டும்.

உண்மைதான்.
சக்கரம் கீச்சென்றது, எழும்பிவிட்டேன்.
ஆறு நிமிடத்துக்கு ஒரு புள்ளி நகரும் மீட்டர்;
ஒரு புள்ளிக்கு எத்தனை டியூப், எத்தனை பெடல் கட்டை
அப்பா விற்றாக வேண்டுமென்று
எனக்குத் தெரியாதா?

ஆகவே மறுபடியும் யூமா, கிங்மன், வீடு.
நாலரை மணி நேரம். நாற்பத்தைந்து புள்ளி.

கிங்மனில் முழுதாக நின்றேன்.
இன்ஜினையும் அணைத்தேன்.
வேலிக்கு அப்பால் ஓய்வுபெற்ற பெரிய விமானங்கள்,
வாலில் கம்பெனிப் பெயர் மேல் வெள்ளை அடித்து.
ஒன்றின் வயிற்றில் பழைய பதிவெண் மங்கலாக,
அதற்கும் அடியில் இன்னொரு நாட்டின் எழுத்து.
அக்கக்காகப் பிரித்துப் பார்த்த பிறகுதான்
அதையும் சேர்த்திருப்பார்கள்.
அலுமினியத்துக்கே அந்தப் பாடு.

போன் போட்டேன்.
அங்கே இரவு ஒன்பது தாண்டி, ஷட்டர் இறங்கும் சத்தம்.
"எங்க இருக்க, பாப்பா?"
"தரையிலப்பா."
"நல்லது," என்றார். "கொஞ்ச நேரம் அங்கனயே இரு."

பதிவேட்டில் எழுதினேன்:
கிங்மன், முழு நிறுத்தம்.
கையெழுத்துப் போடும்போது பழக்கத்தில்
ஆ போட்டுப் புள்ளியும் வைத்துவிட்டேன்.
அட்டையில் உள்ளபடிதான் எழுத வேண்டும்,
வெள்ளை மை தடவக் கூடாது என்பது விதி.
பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி
அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தேன்,
ஓடுதளத்தின் மேல்
வெயில் ஏறிக்கொண்டிருந்தது