பயன்பாட்டுச் சான்றிதழ்

மார்ச் முப்பத்தொன்று, இரவு ஒன்பதே கால்.
தண்டையார்பேட்டையில் இன்றைக்கு மட்டும்
மூன்று முறை கரண்ட் போய்விட்டது.
ஜெனரேட்டர் உறுமி எழுகிறது.
கீழ்த்தளத்தில் காந்தம் எதையும் கண்டுகொள்ளாமல்
கீச் கீச்சென்று
தன் ஹீலியத்தைக் குளிர வைத்துக்கொண்டிருக்கிறது.

நான் கணக்கு எழுதுகிறவள்.

வந்த பணம்:
மத்திய அரசு பதினொரு கோடி, இரண்டு தவணை,
இரண்டாவது இன்னும் வழியில்.
மாநிலம் ஆறு கோடியும் இந்தக் கட்டடமும்.
முன்பு உப்புக் கிடங்காக இருந்தது,
மழைக்கு முன்பே சுவர் வியர்த்துவிடும்.
மணலி கண்டெய்னர் முதலாளி நான்கு கோடி.
செத்துப்போன தம்பியின் பெயரை
வாசல் கல்லில் அரசு முத்திரையைவிட
ஒரு விரல் உயரத்தில் வெட்டச் சொன்னார்.
அந்த ஒரு விரலுக்கு இரண்டு கூட்டம் நடந்தது,
முந்திரியோடு.

பிறகு காசிமேட்டு ஏலக்கார அம்மாக்கள்.
நாகபூஷணமும் இன்னும் நான்கு பேரும்
பிளாஸ்டிக் டப்பில் கொண்டுவந்து கவிழ்த்தார்கள்:
நாற்பத்தோராயிரத்து முந்நூற்று ஐம்பது.
கேஷியர் மூக்கைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்.
படிவம் லட்சத்தில் கேட்கிறது.
புள்ளி நான்கு ஒன்று என்று போட்டேன்.
முந்நூற்று ஐம்பது ரூபாய்
புள்ளிக்கு அந்தப் பக்கம் விழுந்து
எங்கே போனதென்று தெரியாது.

செலவில்தான் சிக்கல்.
வெல்டிங் புகை மூளையில் எங்கே போய்ப் படிகிறது
என்று பார்ப்பதற்குத்தான் இத்தனை கோடி.
பற்றவைத்தே வயிறு வளர்த்தவர்கள் இருநூறு பேர்,
தலைக்கு அறுநூறு படிக்காசு.
படுத்தவர்கள் அறுபத்தொன்று.
மீதி எண்பத்து மூவாயிரத்து நானூறு,
நாகபூஷணம் இரண்டு தடவை டப்பைக் கவிழ்த்து
மேலே எழுநூறு வைத்தாற்போல.
திருப்பிக் கட்டச் சொல்கிறது விதி.
ஏன் செலவாகவில்லை, காரணம் எழுதவும்.

வியாசர்பாடி எத்திராஜுக்குப் புருவத்தில் சில்லு.
இம்மானுவேலுக்குத் தொடையில் பழைய பிளேட்டு,
என்ன உலோகமென்று சொல்லும் ஆஸ்பத்திரிச் சீட்டு
வெள்ளத்தோடு போனது.
"கண்ணுல எப்பவாச்சும் இரும்புத் தூள் பட்டிருக்கா?"
பர்வீன் கேட்டதும்
கொருக்குப்பேட்டை தேசிங்கு சிரித்துவிட்டான்.
"படாத நாளச் சொல்லுமா."

எக்ஸ்ரே எடுத்தோம்.
இடது கண்ணில் மூன்று, வலதில் ஒன்று,
வெள்ளை வெள்ளையாய்.
உள்ளே விட்டால்
காந்தம் அவற்றைத் தட்டி எழுப்பிவிடும்,
பார்வை போய்விடும்.

படத்தை வாங்கி ஜன்னலில்
துறைமுகக் கிரேன்களுக்கு நேரே பிடித்தான்.
"இது தொண்ணூத்தெட்டு, எண்ணூர்ல பாய்லர் வேல.
இது வால்வு கம்பெனி, மூடிட்டான்.
இது இன்னான்னு தெர்ல...
ஆங், மச்சான் ஊட்டு கேட்டு.
அதுக்குக் கூலிகூட வாங்கல."
படுக்காததால் அறுநூறு கிடையாது.
டீக்கு என் பையிலிருந்து இருபது கொடுத்தேன்.
அதற்குக் கணக்கில் தலைப்பு இல்லை.

இப்போது காரணக் கட்டத்தில்
இரும்பு
என்று அடிக்கிறேன்.
காரணம் போதாது,
குறைந்தது முப்பது எழுத்து வேண்டும்
என்கிறது டெல்லிக் கணினி.
பன்னிரண்டுக்குப் பக்கம் மூடிவிடும்.

தொண்ணூத்தெட்டு, எண்ணூர், பாய்லர்.
வால்வு கம்பெனி.
மச்சான் வீட்டு கேட், கூலி இல்லை.

எண்ணிப் பார்த்தேன், முப்பதைத் தாண்டிவிட்டது.
வலது கண்ணில் இருந்த அந்த ஒன்றைப் பற்றி
அவன் எதுவும் சொல்லவில்லை.