ஏழாவது தரிப்பு

இருபது ரூபாய்க் குற்றி சுடுகிறது.
இடக்கையில் நாலு விரலும் தடித்து உரிகின்றன.
மிச்சக் காசு கொடுக்கையில் முகம் சுளிக்கிறேன்,
கஞ்சன் என்று நினைத்துக்கொள்கிறார்கள் சனங்கள்.

தன்னாமுனைப் பல்தசாரிடம் வாங்கிய கிற்றார்.
பதினோராயிரம். கழுத்து சற்று வளைவு.
ஐந்து மாதமாய் ஒரு பாட்டும் வரவில்லை.
"எப்ப மச்சான் பாடுவாய்?" என்கிறான் ஜௌபர்,
ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி.
"முதல்ல றோட்டைப் படிக்கிறன்."
"பன்னிரண்டு வருசமா இதே றோட்டிலதானே தொங்கிறாய்!"

உண்மைதான். புத்தகத்தில் விளங்காதது
புட்போர்ட்டில் விளங்கியது.

இரண்டாம் கம்பி, முதலாம் பிரெட்: மட்டக்களப்பு, ஸ.
பாலம் தாண்டி, ஒன்று விட்டு, கல்லடி.
இன்னொன்று விட்டுக் காத்தான்குடி.
அடுத்தது ஆரையம்பதி.
இங்கே விடுவதற்கு இடமில்லை,
விரலும் விரலும் முட்டுகின்றன.
ஒரு மதில். இரண்டு பக்கமும் மீன் பொரிக்கும் வாசம்.
அந்த மதிலோடு பஸ் திரும்பிப்போன நாட்களைப் பற்றி
ஜௌபரும் நானும் கதைப்பதில்லை.
மறுகா குருக்கள்மடம், களுவாஞ்சிகுடி, பாண்டிருப்பு,
திரும்பவும் முட்டிக்கொண்டு
கல்முனை, மேல் ஸ.

ஏறுகிற இடத்தை மாற்று, அவ்வளவுதான் மோட்.
களுவாஞ்சிகுடி ஆஸ்பத்திரி வாசலில்
எக்ஸ்ரே உறையை நெஞ்சோடு அணைத்து ஏறுகிறவளுக்கு
இதே றோட்டு, இதே பள்ளங்கள், நடபைரவி.
கல்லடியில் ஏறும் டியூஷன் பொடியன்களுக்கும் சோகந்தான்,
ஆனால் ஆறாவது படி ஒன்று கூட நிமிர்ந்த சோகம்.
டோரியன் என்கிறது புத்தகம்,
கரகரப்பிரியா என்கிறார் எங்கள் கோயில் நாயனக்காரர்.
இருவரும் சண்டை பிடிக்கவில்லை, நல்லது.

பாண்டிருப்பில் ஏறினால்தான் கரைச்சல்.
ஐந்தாவதாய் வரவேண்டிய பஞ்சமம்
ஒரு பிரெட் முன்னாலேயே நின்றுவிடுகிறது,
இருட்டில் கால் வைக்கையில் இல்லாத படியைப்போல.
எழுபத்திரண்டு மேளத்தில் அதற்கு ஆசனம் இல்லை.
லோக்ரியன் என்று பெயர் மட்டும் வைத்துவிட்டு
வெள்ளைக்காரனும் மெல்ல ஒதுங்கிவிட்டான்.
நானும் அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன்.

போன வெள்ளி, ஆரையம்பதி வளைவில் மாடு.
ஜௌபர் ஹோனை அமத்தினான்.
இரண்டு குழல், ஒரே நேரம் இரண்டு சத்தம்.
டிக்கெட்டை நீட்டிய கை அப்படியே நின்றது.
யாரோ திட்டினார்கள். கேட்கவில்லை.
டிப்போ வரைக்கும், வீடு வரைக்கும்,
அந்த இரண்டையும் வாய்க்குள் சிந்தாமல் கொண்டுபோனேன்.

இரவு, விரல் வைக்காத வெறும் கம்பி: ஒன்று.
ஆறாம் பிரெட்: மற்றது.
பாண்டிருப்பும் ஆரையம்பதியும்.
அந்தக் குறைந்த பஞ்சமமேதான்.
ஒருவரும் பாட விரும்பாததை ஊதித்தான்
பன்னிரண்டு வருடம் மாடு கலைத்திருக்கிறோம்.

காலையில் சொன்னேன்.
"அப்ப ஹோனை மாத்தவா?" பயந்துவிட்டான்.
"வேணாம். அடியில குருக்கள்மடத்தை வைச்சா
அது தானா ஸவுக்கு இழுக்குமாம், புத்தகத்தில கிடக்கு."
ஜௌபர் கண்ணாடியில் பின்சீட்டுகளைப் பார்த்தான்.
"குருக்கள்மடத்தில இண்டைக்கு
ஒருத்தரும் ஏறல்லையே."