வலது மூலை

கம்பெனியிலிருந்து படிவம் வந்திருந்தது:
உங்கள் கணினி இணைந்திருப்பது
வயரிலா, வைஃபையிலா?
இதில் யோசிக்க என்ன இருக்கிறது,
மேசைக்குப் பின்னால் நீல வயர் தொங்குகிறது.
வயர் என்று டிக் அடித்தேன்.
கீழே இன்னொரு கேள்வி: எப்போதிலிருந்து?
நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன்.

ஐப்பசி. கருங்கலில் மூன்று மணிக்கே இருட்டு.
முதல் இடிக்கே இங்கே எல்லாவற்றையும் பிடுங்கிவிடுவோம்,
டிவி, ஃப்ரிட்ஜ், மோட்டார்.
போன வருடம் ஒரே மின்னலில்
தெருவில் ஏழு மோடம் கருகியது;
லைன்மேன் ஜஸ்டஸ் அவற்றைச் சாக்கில் அள்ளிப் போனார்
மரச்சீனிக் கிழங்கு போல.

நானும் பிடுங்கினேன்.
முதலில் மோடத்தின் பிளக்.
பிறகு லேப்டாப்பின் விலாவிலிருந்து நீல வயர்.
ஸ்பீக்கரில் டாக்டர் பேசிக்கொண்டிருந்தார்,
எந்த ஊர் டாக்டரோ, யாருடைய பித்தப்பையோ,
நாலு மில்லிமீட்டர் கல், வீக்கமில்லை.
இனி நின்றுவிடும் என்று விரலை எடுத்தேன்.
நிற்கவில்லை.
கல்லீரல் இயல்பு என்றார். மண்ணீரல் இயல்பு என்றார்.
வயர் என் கையில் இருந்தது.

மூன்று வருடமாக முறைத்துக்கொண்டிருக்கும் திரையில்
வலது மூலையை அன்றைக்குத்தான் பார்த்தேன்.
வயரென்றால் அங்கே ஒரு குட்டித் திரை இருக்கும்.
இருந்தது விசிறி.
ஒரு புள்ளி, மேலே வளைவுகள்,
விரித்த பனையோலை மாதிரி.
தொட்டேன். பெயர் வந்தது:
கிருபாலயம். இணைக்கப்பட்டுள்ளது.

கிருபாலயம் மதிலுக்கு அந்தப் பக்கம்.
லில்லி புஷ்பம் அக்காவுக்க வீடு.
அவர்களுடைய அயனியிலிருந்து சக்கை விழுந்து
எனக்க ஸ்கூட்டருக்க முகப்பு உடைந்ததும்,
கொப்பை வெட்டுங்க என்று நான் சொன்னதும்,
'மரம் என்னத்தக் கண்டுது' என்று அக்கா சொன்னதும்,
அதற்கு நான் சொன்னதும்
(அதை இங்கே எழுத மாட்டேன்)
போன வருடம் வைகாசியில்.
பதினேழு மாதம்.
துணி காயப்போடும் நேரத்தைக்கூட மாற்றிக்கொண்டேன்.

அதற்கும் முன்னால்,
என் லைன் செத்துக் கிடந்த ஒரு வாரத்தில்
மதிலுக்கு மேல் தலை மட்டும் தெரிய நின்று
அக்காதான் சொன்னாள்:
'மகளுக்க பேரு, பிறகு அவ பெறந்த வருசம்.
எடையில எடம் விடாண்டாம் பிள்ளே.'
ஒருமுறை அடித்தேன்.
நான் மறந்துபோனேன். லேப்டாப் மறக்கவில்லை.

வயரின் முனையைத் திருப்பிப் பார்த்தேன்.
பூட்டுகிற பிளாஸ்டிக் நாக்கு முறிந்திருந்தது.
செருகியிருந்தது, பிடித்திருக்கவில்லை.
துளையோரம் மினுங்க வேண்டிய பச்சை வெளிச்சம்
எப்போது அணைந்ததோ.
மாதா மாதம் லைனுக்குக் கட்டிய காசு தனி.

அடுத்த இடி பக்கத்தில் எங்கோ விழுந்தது.
அப்போதுதான் உறைத்தது:
டாக்டர் இன்னும் பேசுகிறார் என்றால்
அங்கே யாரும் பிளக்கைப் பிடுங்கவில்லை.
அண்ணன் கத்தாரில். அக்கா
உச்சைக்கு மாத்திரை போட்டால் ஐந்து மணிவரை உறங்குவாள்.
ஜன்னலைத் திறந்தேன். சாரல் முகத்தில் அடித்தது.
அக்கா என்று கூப்பிடுவதா, லில்லியக்கா என்றா,
ஒன்றுமே இல்லாமல்
பிளக்கு, பிளக்கு என்று கத்துவதா.
மூச்சை இழுத்தேன்.
முதுகுக்குப் பின்னால்
'வலது சிறுநீரகம்' என்று தொடங்கிய டாக்டர்
நின்றுபோனார்.

பிடுங்கினார்களா, எரிந்துபோனதா.
அதை மூலை சொல்லாது.

மழை விட எட்டு மணியாயிற்று.
ஜங்ஷனில் புது வயர் நூற்றிருபது ரூபாய்.
செருகியதும் டிக் என்றது. குட்டித் திரை வந்தது.
விசிறிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன்,
எங்கெங்கோ உள்ள பெயர்கள்.
கிருபாலயம் இல்லை.
ஒன்பதுக்கும் இல்லை.

எப்போதிலிருந்து என்ற கட்டத்தில்
இன்று, இரவு எட்டரை என்று எழுதினேன்.
பிறகு டார்ச்சைத் தேடி எடுத்தேன்.
மதிலைச் சுற்றிப் போனால் நூறடி இருக்கும்.
ஒரு செருப்பைத்தான் காணவில்லை.