கடைவாய்ப்பல்

எழுபத்தாறாம் பக்கத்தில் என் துறவி
பசியை வென்றுவிட்டான்.
எண்பதில் அச்சத்தை.
எண்பத்து நான்கில், கொதிகலன் முன்னால்
கரித்தூள் படிந்த முகத்தோடு நின்றபடியே
காலத்தையும் வென்றுவிட்டான்.
அதற்குப் பிறகு அவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை.
எனக்கும்.

மூன்று மாதமாக அப்படியே நிற்கிறான்
கையில் மண்வாரியோடு.
உலான் உடேயில் குளிர் மைனஸ் முப்பத்தெட்டுக்கு இறங்கி
டிராமின் கதவுகள் இறுகி
நான் உதைத்துத் திறக்கும் காலைகளிலும்
அவன் முகத்தில் அதே சாந்தம்.
பார்க்கப் பார்க்க எரிச்சல்.

ஜம்சோ என்று பெயர் வைத்திருந்தேன்.
மடங்களை மூடிய ஆண்டில்
செவ்வாடை களைந்து
ரயில் பட்டறையில் கரி அள்ளப் போனவன்.
நல்ல தொடக்கம் என்றார்கள்.
தொடக்கம் யாருக்கும் வாய்க்கும்.

மாஸ்கோவிலிருந்து பதிப்பாசிரியர் எழுதுகிறார்:
'செசெக்மா, இன்னும் கொஞ்சம் கீழைத்தேய மர்மம் வேண்டும்.
ஊதுபத்திப் புகை, தூரத்து மணியோசை, அந்த மாதிரி.'
கீழைத்தேயம்.
எனக்குக் கிழக்கே இருப்பது சீத்தா நகரம்.
அங்கே என் முன்னாள் கணவன் பழைய டயர் விற்கிறான்.
பிள்ளைக்கு அனுப்ப வேண்டிய பணம்
மாதாமாதம் வழியில் மறைந்துபோவதைத் தவிர
வேறு மர்மம் அவனிடம் இல்லை.

சூன்யம் என்ற சொல்லை எண்ணிப் பார்த்தேன்.
நாற்பத்தோரிடம்.
ஒவ்வொன்றாக அடித்தேன்.
அடித்த இடத்தில் வாக்கியம் மூச்சு விட்டது.
ஒன்றை மட்டும் ஆசைக்கு விட்டுவைத்தேன்,
மறுநாள் அதையும்.

வேரோடு அறு என்கிறது மடம், ஆசையை.
அறுத்துவிட்டால்
இவனை எந்தக் கயிற்றைக் கட்டி
அடுத்த அத்தியாயத்துக்கு இழுப்பேன்?

டிராமில் என் வேலை டிக்கெட் கிழிப்பது.
வளைவு வரும்போது கத்துவேன்:
'பற்றிக்கொள்ளுங்கள்!'
நாளுக்கு நூறு முறை.
கம்பி, தோல்வார், அடுத்தவர் முழங்கை
எது கிடைத்தாலும்.
இரவெல்லாம் பற்றை விடு என்று எழுதுகிறவள்
பகலில் போடும் கூச்சல் இது.
போன வாரம் ஒருவர் விட்டார்.
உப்புத்தேநீர்க் குடுவையோடு
என் மடியில் வந்து விழுந்தார்.

வியாழக்கிழமை, பட்டறை நிறுத்தத்தில்
தாடையைச் சுற்றிக் கம்பளித்துண்டு கட்டி ஒருவர் ஏறினார்.
இடமிருந்தும் உட்காரவில்லை.
ஒரு கை கம்பியில், மறு கை கன்னத்தில்,
கண் மூடி.
உலகம் மொத்தமும் ஒரே பல்லுக்குள்
சுருங்கிப்போயிருந்தது அவருக்கு.
அப்படியொரு ஒருமுகத்தை
எந்தப் பிரார்த்தனை மண்டபத்திலும் நான் கண்டதில்லை.
டிக்கெட் கேட்கவில்லை.
ரசீதுச் சுருளின் பின்புறம் எழுதினேன்:
ஜம்சோவுக்குப் பல்வலி.

அன்றிரவே அசைந்தான்.
மண்வாரியைக் கீழே போட்டான்.
மந்திரம் தொடங்கினான்,
பாதியில் கெட்ட வார்த்தை வந்தது.
பட்டறைக் கொல்லன் புரோகோர்
அவன் மார்பில் முழங்காலை ஊன்றிக்
குறடால் பிடுங்கினான்.
பயந்தான் என் துறவி. அழுதான்.
பிறகு பசித்தது.
இறைச்சிக் கொழுக்கட்டை ஆறு தின்றான்
இடப்பக்கம் மட்டுமே மென்று,
எழுபத்தாறாம் பக்கத்தை
யாரோ வேறொருவர் எழுதியதுபோல.

பிடுங்கிய பல்லை அவன் எறியவில்லை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.
ஏனென்று எனக்குத் தெரியாது.
எழுதும்போது கை தானாகப் போட்டது.

'முடிவில் அதைச் செலெங்கா ஆற்றில் விட்டெறியட்டுமே,
சூரியன் உதிக்கும்போது' என்கிறார் பதிப்பாசிரியர்.
நல்ல யோசனைதான்.
எல்லோருக்கும் புரியும்.

இப்போது இருநூற்றுப் பத்தாம் பக்கம்.
ஆறு உறைந்து கிடக்கிறது, எறிந்தாலும் மூழ்காது.
ஜம்சோ பனிக்கட்டி மேல் நடந்து போகிறான்
பைக்குள் விட்ட விரலால்
அதன் சொத்தைக் குழியைத் தடவியபடி.
எங்கே என்று நான் கேட்கவில்லை.
காலை ஐந்தேகாலுக்கு என் முதல் டிராம்.