பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்

ட்யூட்டிக்குக் கையெழுத்துப் போடும் முன்
போஜன் சார் குழாயை நீட்டுவார்.
ஊதுவேன்.
பெட்டிக்குள் மூன்று பூஜ்யம் சிவப்பாய் எரியும்.
"இப்ப எத்தனை ஜாடி?"
பதிவேட்டிலிருந்து தலை தூக்கமாட்டார்.
ஏழு சார்.
பிளம்ஸ் ரெண்டு, தவிட்டுப்பழம் ஒண்ணு, இஞ்சி,
பீட்ரூட் உங்க கேத்தித் தோட்டத்து மூட்டைதான்,
மீதி ரெண்டும் இன்னும் என்னவென்று சொல்லவில்லை.

என் வேலை நிறுத்துவது.
இந்த மலையில் இஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்:
ஏறும்போது முதுகில் முட்டும்,
இறங்கும்போது நெஞ்சைக் கொடுத்துத் தாங்கும்.
பெட்டிக்கு ஒருவன், நெற்றிப் பலகையில்,
பச்சைக்கொடி சிவப்புக்கொடி
இரண்டு கைப்பிடி
ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பல்லுக்கு.
நடுத்தண்டவாளத்தில் பல்லோடு பல் விழுகிற
அந்தக் கடகடப்பு கேட்கிற வரை
உள்ளே இருப்பவர்கள் யானையைத் தேடலாம்.
கேட்காவிட்டால்? என்றாள் ஒருத்தி,
ஹில்குரோவில் இஞ்சின் தண்ணீர் குடிக்கும்போது.
வடை ஆறுதும்மா, என்றேன்.

இரவில் ஜாடிகள் கட்டிலுக்கடியில்.
குன்னூர்க் குளிரில் ஈஸ்ட் சுருண்டு படுத்துவிடும்;
ரயில்வே கொடுத்த கம்பளிக் கோட்டு
இரண்டு சீசனாய் பிளம்ஸுக்குத்தான்.
மூடியில் துளை, துளையில் குளுக்கோஸ் டியூப்
(மச்சினி லாலி ஆஸ்பத்திரியில் நர்ஸ்),
டியூபின் மறுமுனை தண்ணீர் பாட்டிலில்.
குமிழி. குமிழி.
நிமிடத்துக்கு முப்பது என்றால் சரிவு, கவனம்.
பன்னிரண்டு என்றால் ரன்னிமேடு தாண்டியாயிற்று.
இரண்டு என்றால் தூங்கலாம்.
ஒருமுறை டியூபை அடைத்துக்கொண்டது ஒரு பழத்தோல்,
நள்ளிரவில் வெடித்த சத்தத்துக்கு
தூக்கத்திலேயே கை பிரேக்கைத் தேடியது.
கூரையில் இன்னும் இருக்கிறது
இலங்கை வடிவத்தில் ஓர் ஊதாக் கறை.

ருசி பார்ப்பது ஜெசிந்தா.
எட்டு மணி நேரம் போதும் என்கிறார்கள், குடித்ததற்கும் ஊதுவதற்கும் இடையில்.
இருக்கலாம்.
பதினொரு வருடமாய் நான் முகர்வதோடு சரி.
அவள் ஒரு கரண்டி வாயில் வைத்து
பால்கணக்கு நோட்டில் எழுதுவாள்:
*தவிட்டுப்பழம். நல்லாருக்கு. எதையோ மறைக்குது.*
*இஞ்சி. கோபம் போகல.*
*பிளம்ஸ், பெரிய ஜாடி. வெயில்ல காயப்போட்ட தலையணை.*
அதைப் படித்துத்தான் எனக்கு
அடுத்த வருடம் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும்.

ஐப்பசியில் மலை இறங்கியது.
அடர்லிக்கு மேலே தண்டவாளம்
அந்தரத்தில் தொங்கியது, கீழே மண் இல்லாமல்,
கொடிக்கயிறு மாதிரி.
பகலெல்லாம் பாறை உருட்டும் கும்பலோடு நின்றேன்.
பல் வைத்த தண்டவாளத்தில்
பல்லுக்கிடையில் சேறு, வேர், ஒரு குழந்தைச் செருப்பு.
பத்தொன்பது நாள் ரயில் கிடையாது.
பத்தாம் நாள் லீவு கொடுத்தார்கள்.
அன்றிரவு ஜெசிந்தா
கேட்காமலே ஒரு டம்ளர் ஊற்றி வைத்தாள்.
பெரிய ஜாடி.

குடித்தேன்.
புளிப்பு. கொஞ்சம் துவர்ப்பு.
அடியில் மண்டி நாக்கில் நரநரத்தது,
பகலில் மூக்கில் ஏறிய அதே ஈரமண்.
தலையணையும் இல்லை வெயிலும் இல்லை.
என்னடி எழுதி வச்சிருக்க, என்றேன்.
அவள் டம்ளரை வாங்கி
ஒரு மடக்கு குடித்துவிட்டு
"இருக்கே" என்றாள்.
மறுபடி குடித்தேன். மறுபடி.
எங்கே எங்கே என்று தேடி
பாதி ஜாடி போயிற்று.
என் வலதுகை நாற்காலிப் பிடியை
இறுக்கிக்கொண்டே இருந்ததாம், கடைசி வரை.
அவள்தான் சொன்னாள்.

வண்டி ஓடத் தொடங்கிய காலை
போஜன் சார் குழாயை நீட்டினார்.
முதல்முறையாகப் பயந்து ஊதினேன்,
குடித்து எட்டு நாள் ஆன பிறகும்.
பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம்.
"எத்தனை?"
ஆறரை, என்றேன்.
அவர் தலை தூக்கினார்.