துரு வராத வருடம்

அந்த மே மாதம் ஹய்மானா மேட்டில்
மழையே இல்லை.
விடியலில் இலைநுனியில் ஒரு துளி ஈரம் நிற்கவில்லை.
டீக்கடையில் உழவர்கள்
"மஞ்சள் துரு இந்த வருடம் எட்டிப் பார்க்கவில்லை, அல்லா புண்ணியம்" என்று
சின்னக் கண்ணாடிக் குவளையில் சர்க்கரை கலக்கினார்கள்.
நான் ஒருத்திதான்
வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

என் பிழைப்பு அப்படி.
நாலாயிரம் வரிசைக் கோதுமை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், ஒரு மரக்குச்சி.
எது நிற்கும் எது விழும் என்று தெரிய
முதலில் நோய் வந்தாக வேண்டும்.

பத்து வரிசைக்கு ஒரு வரிசை
நோய் தாங்காத பழைய ரகம் ஒன்றை விதைக்கிறோம்.
அது படுத்தால்தான்
பக்கத்து வரிசைக்குத் தொற்றும்.
அதற்கு எண் கிடையாது.
அறுவடைக் கணக்கிலும் சேராது.
துர்முஷ் அதைக் குர்பானி ஆடு என்பான்.

உறைபெட்டியில் வைத்திருந்த துருத்தூளை
எண்ணெயில் கரைத்து, பொழுது சாய்ந்தபின் தெளித்தோம்.
நீர் தூவி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடினோம்.
நள்ளிரவில் எழுந்து வந்து மறுபடி நீர்.
திருடனுக்குக் கதவைத் திறந்துவைத்து
விளக்கும் ஏற்றிவைத்த மாதிரி.

பதினாறாம் நாள்
துர்முஷ் வயலிலிருந்து கத்தினான்.
ஆட்டின் இலையில்
தையல் இயந்திரம் ஓடியதுபோல்
மஞ்சள் புள்ளிகள், கோடு கோடாக.
தொட்டேன். விரலில் ஒட்டியது.
வெட்கமில்லாமல் சிரித்தேன்.

இரும்பில் பிடித்தாலும் இலையில் பிடித்தாலும்
துரு என்றுதான் சொல்கிறோம்.
இரும்பு பசித்தவனுக்குச் சோறு போடுவதில்லை.

ஜூனில் மதிப்பெண்.
நான் சொல்ல அவன் எழுதினான்.
எட்டு. ஒன்பது. எட்டு. ஏழு. ஒன்பது. ஒன்பது.
பள்ளிக்கூடமாக இருந்தால் மிட்டாய் கொடுக்கலாம்;
இங்கே ஒன்பது என்றால் வெறும் வைக்கோல்.

3116.
இலையில் ஊசிமுனை அளவு வெளிறிய புள்ளிகள், அவ்வளவுதான்.
துரு வந்து தட்டியிருக்கிறது.
தட்டிய இடத்தில் தன் சதையைத் தானே சாகவிட்டு
செடி கதவை அடைத்திருக்கிறது.
"ஒன்று" என்றேன்.
துர்முஷின் பென்சில் நகரவில்லை.
"மறுபடி சொல்லுங்கள்."

இதன் தாய் ரொட்டிக்குப் பேர்போனது.
தகப்பன் வழியில் எங்கோ ஒரு காட்டுப்புல்.
ஒன்பது வருடத்துக்கு முன்பு ஒரு கதிரில்
பூவுக்கு மூன்று மகரந்தப்பையாகச்
சாமணத்தால் பிடுங்கிக் காகித உறை மாட்டியது நான்தான்.
அன்று என் தங்கை ஸெவ்தாப்புக்குக் கல்யாணம்.
கோதுமைப் பூ யாருக்காகவும் காத்திருக்காது.
தங்கையும் இன்னும் அதை மன்னிக்கவில்லை.
அதன்பின் ஒவ்வொரு குளிர்காலமும் பனிக்கடியில் கிடந்தது.
குளிரைத் தின்னாமல் இந்தச் சாதி கதிர் விடாது.

பிறகு ஆலை, மாவு, ரொட்டிச் சோதனை,
முத்திரை குத்திய காகிதங்கள், இன்னும் நாலு வருடம்.
ரகத்துக்குப் பெயர் வைக்கச் சொல்லிப் படிவம் வந்தது.
"ஆட்டின் பெயரையே வையுங்கள்" என்றான் துர்முஷ்.
அந்தக் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

டீக்கடையில் ஹிதாயத் கேட்டார்:
"புது விதை எத்தனை வருடம் தாங்கும்?"
"ஆறு. ஏழு இருக்கலாம்.
துருவும் சும்மா இருக்காது,
வேறு சாவி செய்துகொண்டு வரும்."

அவர் குவளையைக் கவிழ்த்து வைத்தார்.
"என் டிராக்டர் கடன்
பத்து வருடம், மகளே."